கல்மெட்டைத் தேடி வந்தவள்

லெய்மாஸ் அந்த வெள்ளை வேனை ஓட்ட ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தீவு நாட்டின் தலைநகரான விலாவின் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் வரும் நாளில் வாசலுக்கு வெளியே நிற்கும் வண்டிக்காரர்களில் பெண் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்திப் பயணிகளைப் பிடிப்பார்கள். அவள் கத்தமாட்டாள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, பூப்போட்ட கவுனைக் காலுக்கடியில் செருகிக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்திருப்பாள். கூச்சலைக் கண்டு மிரண்ட கிழவிகள் தாங்களாகவே அவளிடம் வந்து சேருவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தவள் மிரண்டவளாகத் தெரியவில்லை. அறுபதை நெருங்கும் வெள்ளைக்காரி. ஒல்லி, வெயிலில் காய்ந்த கழுத்து. கடலில் குளிக்க இறங்குகிறவர்களின் உடுப்பு இல்லை. கோயிலுக்குப் போகிறவள் மாதிரி முழுக்கைச் சட்டை. தோள்பையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். வாசலோரம் பயணிகளுக்குத் தலைமுடி பின்னிவிடும் நாத்தனார் டோரோலினிடம் அவள் முதலில் ஏதோ கேட்டாள். டோரோலின் யாருடையதோ பாதிப் பின்னலைக் கையில் பிடித்தபடியே திரும்பி, ஊர்ப் பாஷையில் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கூவினாள்.

“அண்ணி! ஏ அண்ணி! எங்கண்ணனைத் தேடிக்கிட்டு கப்பல் ஏறி வந்திருக்கா ஒருத்தி! போட்டோ எல்லாம் கையில வெச்சிருக்கா!”

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். “யாரு, கல்மெட்டையா? ஆளு சும்மா இல்லப்பா!” என்றான் ஒருவன். “வெள்ளி முளைச்ச தாடிக்கு வெள்ளைக்காரி!” என்றான் இன்னொருவன்.

லெய்மாஸும் சிரித்து வைத்தாள். வெள்ளைக்காரி பக்கத்தில் வந்து போட்டோவை நீட்டியதும் சிரிப்பு நின்றது.

போட்டோவில், கொடிப் பந்தலுக்குக் கீழே அவள் புருஷன் கல்மெட் நின்றுகொண்டிருந்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். உடம்பில் அந்த நீல ஸ்வெட்டர்.

அந்த ஸ்வெட்டர் வீட்டில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. ஜூலையில் இங்கே குளிர்காலம்; அப்போது எடுத்துப் போடுவான். கடையில் வாங்கியதில்லை, கையால் பின்னியது என்று பார்த்தாலே தெரியும். யார் கொடுத்தது என்று கேட்டபோது, “அங்க ஒருத்தங்க” என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

“இவரைத் தெரியுமா உங்களுக்கு? கல்மெட்னு பேரு. எமாலுங்கிற ஊரு.”

“தெரியும்.”

“அங்க கூட்டிட்டுப் போவீங்களா? நாலரைக்குள்ள நான் கப்பல்ல இருக்கணும்.”

“ஏறுங்க, மிஸ்ஸிஸ்.”

“என் பேரு கிளெனிஸ். உங்க பேரு?”

“டோரோலின்,” என்றாள் லெய்மாஸ். பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கல்மெட் வருஷத்துக்கு ஒன்றாக ஆறு பருவம் நியூசிலாந்தில் கிவிப்பழத் தோட்டத்தில் வேலை செய்தவன். எமாலுவிலிருந்து போன எட்டுப் பேருக்கும் அவன்தான் தலைவன். ஊர்க் கோயிலில் மூப்பன். அந்த வேன் அவன் உழைப்பில் வந்ததுதான். ஏழாவது பருவத்தின் நடுவில் அவனை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டு ட்ராக்டரை ஓட்டிக் கவிழ்த்தான் என்றது அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்த சேதி. அடுத்த வருஷம் அந்தத் தோட்டம் எமாலுவிலிருந்து ஒருவரையும் எடுக்கவில்லை. மற்ற ஏழு பேரின் வீட்டிலும் அவன் பேர் கெட்ட வார்த்தையானது. மூப்பன் பதவி போயிற்று. வண்டிச் சாவியை ஆணியில் மாட்டியவன் பிறகு அதைத் தொடவேயில்லை.

வந்த அன்று லெய்மாஸிடம் ஒரே ஒரு தடவை சொன்னான்: “நான் குடிக்கல.” அவள் ஆத்திரத்தில் இருந்தாள். “குடிக்காதவனை எவன் அனுப்புவான்?” என்றாள். அதோடு அவன் வாய் மூடிக்கொண்டது. கூடப் போன மாலோன் ஒருநாள் போதையில் உளறினான்: “அண்ணன் ஞாயித்துக்கிழமை ஆனா எங்களோட இருக்கமாட்டாரு. மொதலாளியம்மா அடுப்படிக்கு டீ குடிக்கப் போயிருவாரு.” குடியில்லையென்றால் வேறென்ன என்பதற்கு லெய்மாஸுக்கு அன்று விடை கிடைத்தது. மூன்று வருஷமாக அந்த விடையை யாரிடமும் சொல்லாமல் வயிற்றில் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினாள்.

இப்போது அந்த விடை பின் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தது.

எமாலு இருப்பது தீவின் மேற்கே. டவுனைத் தாண்டி இடது பக்கம் மலையேறி இறங்கினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. லெய்மாஸ் வலது பக்கம் திருப்பினாள். தீவைச் சுற்றும் சாலை ஒன்றுதான். எந்தப் பக்கம் போனாலும் எமாலு வரும். இந்தப் பக்கமாகப் போனால் கிழக்கு, வடக்கு எல்லாம் சுற்றிக்கொண்டு வரும். ‘ஊரெல்லாம் பாக்க நேரா கொண்டுபோய் இவளை இறக்கணுமா? மொதல்ல யாரு என்னன்னு கறந்துட்டு அப்புறம் பாப்போம்’ என்று நினைத்தாள்.

“கல்மெட்டை எப்படிப் பழக்கம்?”

“எங்க தோட்டத்துல வேலை பாத்தார்.”

“நெறைய பேரு பாத்திருப்பாங்களே. இவரை மட்டும் தேடி வந்திருக்கீங்க.”

“அவர்கிட்டதான் பேச வேண்டியிருக்கு,” என்றாள் கிளெனிஸ்.

“வீட்டுக்காரர் கூட வரலையா?”

“கப்பல்ல இருக்கார். கடைத்தெருவுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். இங்க வர்றது அவருக்குத் தெரியாது.”

லெய்மாஸ் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். கிளெனிஸ் வெளியே தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘புருஷனுக்குத் தெரியாம!’

ஈட்டன் கடற்கரையில் வண்டியை நிறுத்தினாள். வெள்ளை மணலில் வேறு வண்டிப் பயணிகள் இறங்கிக் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். “வண்டி சூடாயிருச்சு. கொஞ்சம் ஆறட்டும்,” என்றாள். கிளெனிஸ் தண்ணீரில் கால்கூட நனைக்கவில்லை. நிழலில் ஒரு மரக்கட்டையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். லெய்மாஸ் வண்டி சீட்டுக்கு அடியிலிருந்த கத்தியை எடுத்து ஒரு இளநீரை வெட்டிக் கொடுத்தாள்.

“டோரோலின், அவரோட மனைவியை உங்களுக்குத் தெரியுமா?”

“ஏன் கேக்கறீங்க?”

“எப்படிப்பட்டவங்கன்னு…”

“பொல்லாதவ. கத்தியில்லாம வெளியில வரமாட்டா.”

கிளெனிஸ் அவள் கையிலிருந்த கத்தியையும் அவளையும் பார்த்தாள். பிறகு லேசாகச் சிரித்தாள். “அவர் அப்படிச் சொல்லலையே. அவ சிரிச்சா பக்கத்து வீட்டு நாயெல்லாம் எழுந்து குரைக்கும்னு சொல்வார். சொல்லிச் சொல்லி அவரே சிரிப்பார்.”

அது கல்யாணமான புதிதில் அவன் சொன்னது. விளக்கை அணைத்த பிறகு லெய்மாஸின் காதில் மட்டும் சொன்னது. அதைக் கொண்டுபோய் இன்னொருத்தியின் அடுப்படியில் கொட்டியிருக்கிறான்.

“அந்த ஸ்வெட்டர் யாரு பின்னினது?” என்று கேட்டாள்.

“நான்தான். குளிர்ல நடுங்கிட்டே வேலை பாப்பார், பாவம்.”

இதற்கு மேல் என்ன வேண்டும்? லெய்மாஸ் கத்தியை மணலில் இரண்டு தடவை குத்தித் துடைத்துவிட்டு எழுந்தாள்.

பன்னிரண்டரைக்குக் கிழக்குக் கரையில் ஒரு ஊர்ப் பெண்கள் நடத்தும் சாப்பாட்டுக் கொட்டகையில் நிறுத்தினாள். இலையில் சுட்ட கிழங்கு லாப்லாப்பும், தேங்காய்ப்பாலில் கோழியும். கிளெனிஸ் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் ரொம்ப தூரமா? வரைபடத்துல பக்கத்துல இருக்கிற மாதிரி இருந்துச்சே.”

“மலைப் பக்கத்துல பாலம் உடைஞ்சிருக்கு. சுத்தித்தான் போகணும்.”

கிளெனிஸ் பின்கட்டுக்குப் போனபோது பையை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனாள். லெய்மாஸ் நாற்புறமும் பார்த்துவிட்டு அதன் மூடியைத் தூக்கினாள். மருந்து மாத்திரை, கைக்குட்டை, கப்பல் அட்டை. அடியில் கனமான ஒரு உறை. மேலே அழகான கையெழுத்தில் கல்மெட்டின் பெயர். ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மூன்று நான்கு தாளாவது இருக்கும். ‘இந்த வயசுல கடுதாசி!’ கிழித்துவிடலாமா என்று நகத்தை ஓரத்தில் வைத்தாள். கொட்டகையிலிருந்து யாரோ அழைத்தார்கள். உறையைத் திரும்பச் செருகினாள்.

கிளம்பியதும் அடுத்த பொய்யை அவிழ்த்தாள்.

“சொல்ல மறந்துட்டேன், மிஸ்ஸிஸ். கல்மெட் ஊர்ல இருக்கமாட்டார்னு நெனைக்கிறேன். எமாய் தீவுக்குப் போறதா பேச்சு. வர ரெண்டு வாரம் ஆகும். திரும்பிப் போயிடலாமா?”

கண்ணாடியில் பார்த்தாள். கிளெனிஸ் அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லை, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. ஒரு கூலிக்காரனுக்காக முதலாளியம்மா இப்படி அழுவாளா? லெய்மாஸுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. கோபம் மட்டும் தீரவில்லை.

“பரவாயில்ல, ஊர் வரைக்கும் போவோம்,” என்றாள் கிளெனிஸ் மெதுவாக. “வீட்டுல யாராவது இருப்பாங்க.”

“யாரு, பொண்டாட்டியா? அவ கையில குடுப்பீங்களா அந்தக் கவரை?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

“என் பையில கவர் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள் கிளெனிஸ். குரல் மாறிவிட்டிருந்தது. பையைத் திறந்து பார்த்தாள், மூடினாள். போனை எடுத்து நெடுநேரம் எதையோ பார்த்தாள். “நாம எதிர்ப்பக்கமா வந்திருக்கோம். மேற்குப் பக்கம் போயிருந்தா பத்து மணிக்கே போயிருக்கலாம். பாலம் எதுவும் உடையல, இல்லையா?”

லெய்மாஸ் ரோட்டைப் பார்த்து ஓட்டினாள்.

“வண்டியை நிறுத்துங்க. யாரு நீங்க? என்னை எங்க கொண்டுபோறீங்க?” கிளெனிஸின் கை கதவுப் பிடியில் இருந்தது. சுற்றிலும் காடு, வீடு வாசல் எதுவும் இல்லை. இத்தனை நேரம் தான் அவளைப் பார்த்த அதே பார்வையில் இப்போது அவள் தன்னைப் பார்க்கிறாள் என்று லெய்மாஸுக்குப் பட்டது. வண்டியை ஓரங்கட்டினாள். சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“நான்தான் அந்தக் கத்திக்காரி.”

கிளெனிஸுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

“லெய்மாஸ்?”

“ஆமா. என் பேரும் சொல்லியிருக்காரா? நல்லது. இப்ப நீங்க சொல்லுங்க. எத்தனை வருஷமா நடக்குது இது?”

“எது?”

“எதுவா? ஸ்வெட்டர் பின்னிக் குடுத்திருக்கீங்க. புருஷனுக்குத் தெரியாம கடலைத் தாண்டி வந்திருக்கீங்க. அவர் இல்லேன்னதும் அழறீங்க. எனக்கு என்ன கண்ணு இல்லையா?”

கிளெனிஸ் சிரிக்கப் போகிறாள் போலிருந்தது; சிரிக்கவில்லை. கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

“அப்படி இருந்திருந்தா எவ்வளவோ தேவலை,” என்றாள். “நான் செஞ்சது அதைவிட மோசம்.”

அவளுடைய மகன் பேர் ஹேடன். ஒரே பிள்ளை. அப்போது இருபத்திரண்டு வயது. குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்காக ஏற்கெனவே கோர்ட்டு ஏறியவன். இன்னொரு தடவை மாட்டினால் ஜெயில். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குடித்துவிட்டு ட்ராக்டரை எடுத்தான். தோட்டத்துச் சரிவில் போய் வாய்க்காலில் கவிழ்த்தான். கிளெனிஸ் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தாள். அவள் கதவுக்கு ஓடுவதற்குள் கூலிக்காரர்கள் தங்குமிடத்திலிருந்து கல்மெட் ஓடிவந்துவிட்டான். டீசல் வாடைக்குள் புகுந்து ஹேடனை இழுத்து வெளியே போட்டான். உடைந்த பீர் பாட்டில்களில் கல்மெட்டின் சட்டையெல்லாம் நனைந்தது.

“என் வீட்டுக்காரர் வந்து, யாரு ஓட்டினதுன்னு கேட்டார். ஹேடன் ‘கல்மெட்’னு சொன்னான். கல்மெட் ‘நான் இல்லை’ன்னு சொன்னார். சொல்லிட்டு, தலையைத் தூக்கி என் ஜன்னலைப் பாத்தார். நான் பாத்தேன்னு அவருக்குத் தெரியும். நான் வெளியில வந்து சொல்வேன்னு காத்துட்டு நின்னார்.”

“நீங்க?”

“திரையை இழுத்து மூடிட்டேன்.”

ரோட்டில் ஒரு லாரி போனது.

“ஞாயித்துக்கிழமை டீ குடிக்க வருவார். உங்களைப் பத்தித்தான் பேசுவார். எனக்கும் பேச ஆளில்லை. அவ்வளவுதான் எங்க பழக்கம்.”

“மூணு வருஷம் கழிச்சு இப்ப என்ன ஞானம் வந்துச்சு?”

“ஹேடன் குடியை விட்டுட்டான். கல்யாணம் ஆயிருச்சு, குழந்தை இருக்கு. போன கிறிஸ்துமஸுக்கு விருந்தாளிங்க முன்னாடி கதை சொன்னான். ‘எங்ககிட்ட ஒரு தீவுக்காரன் இருந்தான், குடிச்சுட்டு எங்க ட்ராக்டரையே தூக்கி வாய்க்கால்ல போட்டான்’னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவன் மொகத்தைப் பாத்தேன். அவன் பொய் சொல்லல. அவனுக்கே அது நெசமாயிருச்சு. அப்புறம் எங்க வீட்டுல உண்மை தெரிஞ்சவ நான் ஒருத்திதான் மிச்சம்.” அவள் உறையை எடுத்தாள். “எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்து போட்டிருக்கேன். நான் செத்துப்போயிட்டா இது…”

லெய்மாஸ் வண்டியை விட்டு இறங்கினாள். ரோட்டோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குடிக்காதவனை எவன் அனுப்புவான். தான் சொன்ன அந்த ஒரு வரியைத் தவிர வேறெதுவும் அவளுக்குக் காதில் விழவில்லை. மூன்று வருஷம் ஒரே பாயில் அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

“காகிதத்தை உள்ள வைங்க. மணி ரெண்டரை. அவர் ஊர்லதான் இருக்கார். வாயால சொல்லுங்க.”

வடக்குக் கரை முழுவதும் பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டினாள். மூன்றேகாலுக்கு எமாலு வந்துவிட்டது. கல்மெட் கடற்கரையில் புன்னை மர நிழலில் தோணியைக் கவிழ்த்துப் போட்டு விரிசலில் பிசின் அப்பிக்கொண்டிருந்தான். வண்டியிலிருந்து இறங்கியவளைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

“மிஸ்ஸிஸ் கிளெனிஸ்.”

கிளெனிஸ் சொன்னாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே, நின்றபடியே, ஒன்றுவிடாமல். திரையை மூடியதையும் சொன்னாள். லெய்மாஸ் புருஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் அசையவில்லை.

“இதெல்லாம் எனக்குத் தெரியுமே, மிஸ்ஸிஸ். நான் அங்கதானே நின்னுக்கிட்டிருந்தேன்,” என்றான் அவன். “எனக்குச் சொல்ல இவ்வளவு தூரம் வரணுமா? தெரியாதவங்க ஏழு பேரு இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லுங்க.”

“எங்க இருக்காங்க?”

“மேல தோட்டத்துல. எறங்கி வர அஞ்சு மணி ஆகும்.”

கிளெனிஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். லெய்மாஸ் அதைக் கவனித்தாள். ‘ஆச்சு. இனி கவரை நீட்டுவா, கெளம்புவா.’ உள்ளேயிருந்த பழைய சந்தேகம் மறுபடி தலை தூக்கியது. ஒரு தடவை திரையை மூடினவள்தானே?

“போறதா இருந்தா இப்பவே சொல்லுங்க. மலை வழியா விட்டா நாலரைக்குக் கொண்டுபோய்ச் சேத்துருவேன்,” என்றாள் சாவியை ஆட்டிக்கொண்டு.

கிளெனிஸ் போனை எடுத்துக்கொண்டு கரையோரமாக நடந்தாள். வேறு வண்டிக்குச் சொல்கிறாளோ என்று லெய்மாஸ் பத்தடி தள்ளிப் பின்னாலேயே போனாள். அலைச் சத்தத்துக்கு நடுவே, அவள் தன் புருஷனிடம் பேசுவது காதில் விழுந்தது.

“கோலின், நான் கப்பலுக்கு வரல… இல்ல, ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. கேளுங்க. நான் கல்மெட் வீட்டுல இருக்கேன்… ஆமா, அந்தக் கல்மெட்தான். ட்ராக்டரை ஓட்டினது ஹேடன்… நான் பாத்தேன். ஜன்னல்லேர்ந்து பாத்தேன்… தெரியும், கோலின். மூணு வருஷமாச்சுன்னு எனக்குத் தெரியும்.”

அதற்குப் பிறகு அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள். ஒரு இடத்தில் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். லெய்மாஸ் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் கெட்டிலில் தண்ணீர் வைத்தாள்.

ஐந்தரைக்கு எல்லோரும் கூடினார்கள். ஆண்கள் காவா வேர்ச்சாறு குடிக்கும் நகமால் கூடத்துக்கு முன்னாலிருந்த வெளியில், ஆலமரத்தடியில் ஊர்த் தலைவர் நடுவில் உட்கார்ந்தார். தோட்டத்து மண் கழுவாத காலோடு ஏழு பேரும் வந்தார்கள். கிளெனிஸ் எழுந்து நின்றாள். அவள் சொல்லச் சொல்ல லெய்மாஸ் ஊர்ப் பாஷையில் எடுத்துச் சொன்னாள். ‘திரையை மூடிட்டேன்’ என்ற இடத்தை லெய்மாஸ் அவசரமாகச் சொல்லிவிட்டாள். மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் பேசியவன் மாலோன்தான்.

“என் பொண்ணு படிப்பை நிறுத்தினேன். கட்டின செவுரு கூரையில்லாம நிக்குது. இவரு மொகத்துல முழிக்காம ரோட்டுக்கு அந்தப் பக்கமா போனேன் மூணு வருஷம். சொந்தச் சித்தப்பா மவனை! இப்ப வந்து ‘நான்தான்’னா, நான் என்ன பண்ணட்டும்? கை தட்டட்டுமா?”

கிளெனிஸ் தலையைக் குனியவில்லை. “ஒண்ணும் பண்ண வேண்டாம். நான் சொல்லணும், நீங்க கேக்கணும். அதுக்குத்தான் நின்னேன்,” என்றாள்.

அந்த நேரத்தில், எதிரே இருந்த சின்னத் தீவுகளுக்கு அப்பால், கிளெனிஸ் வந்த கப்பல் வடக்கு நோக்கிப் போனது. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளெனிஸ் பார்க்கவில்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். “தப்பை ஒத்துக்கறவங்க வெறுங்கையோட நிக்கிற வழக்கம் இங்க இல்ல. பாயும் பன்னியும் வைக்கணும்.”

லெய்மாஸ் எழுந்து வீட்டுக்குப் போனாள். பரணிலிருந்து சிவப்புக் கரை போட்ட தாழம்பாய் ஒன்றை இறக்கிக் கொண்டுவந்து கிளெனிஸின் கையில் கொடுத்தாள். “இதை அவர் காலடியில வைங்க.” கிளெனிஸ் வைத்தாள். கல்மெட் குனிந்து பாயைத் தொட்டான். அவ்வளவுதான், அதற்கு அர்த்தம் ஏற்றுக்கொண்டேன் என்பது.

“பன்னி?” என்று கேட்டார் தலைவர்.

“நான் தர்றேன்,” என்றாள் லெய்மாஸ்.

“அவங்க தப்புக்கு நீ எதுக்கும்மா?”

“எனக்கும் ஒரு கணக்கு இருக்கு, தலைவரே.”

கல்மெட் அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

கிளெனிஸ் நாலு நாள் எமாலுவில் இருந்தாள். செவ்வாய்க்கிழமை விமானத்தில் போனாள். போனவள் ஆள் எடுக்கும் ஆபீசுக்கும் எழுதினாள். அடுத்த பருவத்துக்கு வேறொரு தோட்டம் ஐந்து பேரை எடுத்தது. மாலோன் போனான், கல்மெட் வரமாட்டேன் என்றுவிட்டான். ஹேடன் தாயோடு பேசுவதில்லை என்று பிறகு ஒரு கடிதத்தில் வந்தது. அதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்று மாலை கூட்டம் கலைந்து, தலைவர் மனைவி கிளெனிஸைச் சாப்பிட அழைத்துக்கொண்டு போன பிறகு, கல்மெட் வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தான். மூன்று வருஷத்தில் அவன் அதன் பக்கத்தில் போனது அப்போதுதான். டயரின் பள்ளத்தில் விரலை விட்டு எதையோ நோண்டி எடுத்தான்.

“வெள்ளை மணலு. ஈட்டன் பக்கம் எதுக்குப் போன?”

லெய்மாஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். பொய் எதுவும் வரவில்லை.

“காலையில ஒம்பது மணிக்கே வந்துட்டா. நேரா கூட்டிட்டு வந்திருந்தா பத்து மணிக்கு உன்னைப் பாத்திருப்பா. சாயங்காலம் வரைக்கும் நிம்மதியா பேசியிருக்கலாம். கப்பலையும் விட்டிருக்கமாட்டா. நான்தான் தீவையே சுத்தினேன். அவளை உன் வப்பாட்டின்னு நெனச்சேன்.”

“இன்னிக்கு மட்டுமா நெனச்ச?”

“இல்ல. மூணு வருஷமா.”

அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். அவன் விரலிலிருந்த மணலை உதறினான்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டேனே.”

“கேக்கல. சொன்ன.”

அவள் படியில் நகர்ந்து இடம் விட்டாள். அவன் உடனே உட்காரவில்லை. அவள் கை நீட்டி அவன் சட்டை நுனியைப் பிடித்தாள்.

“இப்பக் கேக்கறேன். அன்னிக்கு என்ன நடந்துச்சு?”

“அதான் அவங்க எல்லாத்தையும் சொல்லிட்டாங்களே.”

“அவங்க ஜன்னல்லேர்ந்து பாத்ததைச் சொன்னாங்க. நீ சொல்லு.”

கல்மெட் உட்கார்ந்தான். பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்கி எழுந்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.